டவுன் பஸ் போகும் தூரத்தில்



அரையாண்டு விடுமுறை தொடங்கிவிட்டது. பொங்கலும் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. 'பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போக வேண்டுமே' என்ற பேச்சு எழாத வீடு இந்த நாள்களில் இருக்காது. பேச்சு எழுந்த மறுநிமிடமே ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று மலைகளின் பெயர்கள் வரிசை கட்டும். அந்த மலைகள் மீது எனக்கும் தீராத பிரியம் உண்டு. ஆனால், அவை தாங்கும் கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் வண்டியில் போக வேண்டும் என்று உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டிய நிலை வந்தது.

இந்த விடுமுறையில் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மலைக்குப் போவதற்கு முன்னால், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அரசு வேலி போட்டும் பலகை நட்டும் காத்துவருகிற ஏரியையோ காட்டையோ கடற்கரையையோ ஒருமுறை போய்ப் பாருங்கள். அப்படி ஒன்று எங்கள் பக்கத்தில் இல்லையே என்று நினைக்க வேண்டாம். திருப்பூர்க்காரர்களுக்கு நஞ்சராயன் குளம் இருக்கிறது. அரியலூர்ப் பக்கம் கரைவெட்டி, திருவாரூர்ப் பக்கம் வடுவூர், ராமநாதபுரத்துக்குச் சித்திரங்குடியும் தேர்த்தங்கலும், நாகர்கோவிலுக்குச் சுசீந்திரம் தேரூர்க் குளங்கள், விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் மரக்காணத்தை ஒட்டிக் கழுவேலி. உலக அளவில் முக்கியமானவை என்று ராம்சர் பட்டியலில் ஏறிய நீர்நிலங்கள் 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் மட்டும் 20. இந்தியாவில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. கடற்கரையோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளுகிறது. இவற்றில் பலவற்றுக்கு டவுன் பஸ்ஸே போகிறது.

வேடந்தாங்கலை எடுத்துக்கொள்வோம். பெயர் எல்லோருக்கும் தெரியும். பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தவர்களும் உண்டு. ஆனால், அதன் கதையை முழுக்க அறிந்தவர்கள் குறைவு என்பது என் எண்ணம். சுமார் 74 ஏக்கர் பரப்புள்ள, பாசனத்துக்காக வெட்டிய கிராமத்து ஏரி அது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ஊர் மக்கள் திரண்டு போய்ச் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ், இந்த ஏரியில் யாரும் பறவைகளைச் சுடக் கூடாது என்று கவுல் என்னும் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். அதற்கு 174 ஆண்டுகளுக்கு முன்பே, பட்டா கேட்பதைப் போல உரிமையாகப் பறவைகளுக்குப் பாதுகாப்பு கேட்டு வாங்கியவர்கள் அந்த ஊர் விவசாயிகள்.

அவர்கள் கேட்டதில் பாசமும் இருந்தது, விவசாயக் கணக்கும் இருந்தது. ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் இரவும் பகலும் தண்ணீரில் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த அந்தத் தண்ணீர்தான் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. பறவை வந்து தங்கிய வருடத்தில் உரச் செலவு குறையும் என்பது அந்தப் பக்கத்து விவசாயிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த சங்கதி. வயலில் நத்தையும் பூச்சியும் பெருகாமல் பார்த்துக்கொள்வதும் அதே பறவைகள்தான். வெடிச் சத்தம் கேட்டால் கூட்டை விட்டுக் கலைந்துபோகும் என்று அந்த ஊர் தன் தீபாவளியையே அடக்கிக்கொண்டது.

கரையில் நின்று பைனாகுலரைக் கண்ணில் வைத்தால் நேரம் போவதே தெரியாது. நத்தைகுத்தி நாரையின் அலகை நன்றாகப் பாருங்கள். மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல் ஓர் இடைவெளி இருக்கும். வழுக்கும் நத்தையைக் கையாள அமைந்த அலகு அது. நண்பகல் வெயிலில் மஞ்சள்மூக்கு நாரை கூட்டின் விளிம்பில் இறக்கையை விரித்து நிற்கும். பறக்கப் போகிறது என்று நினைப்போம், பறக்காது. தன் நிழலைக் குஞ்சுகள் மீது விழவைத்தபடி அப்படியே நிற்கும். தண்ணீரை விழுங்கி வந்து குஞ்சுகளின் மேல் கக்கி நனைப்பதும் உண்டு. சற்றுத் தள்ளிப் பாம்புத்தாரா, உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் மறைந்திருக்க, கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும். மீனை அலகால் குத்தி எடுத்து, மேலே வீசி, தலைப்பக்கமாக விழுங்கிவிட்டு, மரக்கிளையில் ஏறி இறக்கையைக் காயவைக்கும். இதையெல்லாம் பார்க்கக் கட்டணமும் பெரிதில்லை. ஓரிடத்தில் அமைதியாக நிற்கும் பொறுமைதான் வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிய வருடத்தில் வேடந்தாங்கலில் பறவை குறைவாகத்தான் இருக்கும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் கூட்டுக்குக் காவல். தண்ணீர் வற்றினால் நாயும் கீரியும் மரத்தடிவரை வந்துவிடும். அதனால் ஏரி நிரம்பியிருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். காலை வேளையோ மாலை நான்கு மணிக்கு மேலோ போவது நல்லது. இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் மாலைதான் எனக்குப் பிடித்த நேரம்.

வேடந்தாங்கல் மாதிரி ஊர்கள் இன்னும் இருக்கின்றன. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்தில் நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டும். எச்சம் வாசலில் விழுகிறது, நாற்றம் அடிக்கிறது என்று யாரும் கல்லெடுப்பதில்லை. ஊருக்குப் பறவை வருவது நல்ல சகுனம் அவர்களுக்கு. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் ஊட்டி வளர்க்கிற வழக்கமும் அங்கே உண்டு. சரணாலயம் என்ற அறிவிப்பு அரசாணையாக வந்தது பின்னால்தான். அதற்கு முன்பே ஊர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

கடற்கரைக்கு வருகிறேன். கோடியக்கரையைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க எனக்கு மனம் வராது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் பூங்குழலியின் படகை நினைத்துக்கொண்டே அங்கே போவார்கள். போங்கள், தவறில்லை. ஆனால், நாவலுக்குள் அடங்காத பலவும் அங்கே இருக்கின்றன. வடக்கிலிருந்து தெற்காக ஓடிவரும் கரை, அந்த முனையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் பாக் நீரிணை. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். தமிழ்நாட்டிலிருந்து ராம்சர் பட்டியலில் முதலில் சேர்ந்ததும் இதுதான், 2002-இல்.

அங்கே இருக்கும் காட்டை ஆற அமரப் பாருங்கள். மழைக்காட்டைப் போல ஓங்கி வளர்ந்த மரங்கள் கிடையா. உப்புக்காற்றுக்குக் குனிந்த குட்டை மரங்கள், முள்ளும் கொடியுமாகப் பின்னிய புதர்கள், நடுநடுவே பழுத்து உதிரும் உலக்கைப் பாலை. கோடையிலும் இலை உதிர்க்காமல் பச்சை காக்கிற இந்த உலர் பசுமைமாறாக் காடு ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை நெடுகப் பரவியிருந்தது. இன்று கோயில் காடுகளாகவும் சில துண்டுகளாகவும் மிஞ்சியிருக்கிறது. அவற்றில் பெரிய துண்டு கோடியக்கரையில் இருக்கிறது.

காட்டை விட்டு வெளியே வந்தால் புல்வெளி. அங்கே வெளிமான்கள். ஆண் மான் கருத்த முதுகும் வெளுத்த வயிறும் திருகிய கொம்புமாகத் தலையை நிமிர்த்தி நிற்கும். பெண் மான்கள் மணல் நிறத்தில் புல்லோடு புல்லாக இருக்கும். தூரத்திலேயே நின்று பார்க்க வேண்டும். கிட்டே போனால் ஒரு மான் துள்ளும், அடுத்த நொடி மந்தையே ஓடும். எப்போதோ யாரோ விட்டுப்போன குதிரைகளின் சந்ததியும் அங்கே காட்டுக் குதிரைகளாகத் திரிகின்றன. பார்க்க அழகுதான். ஆனால், மானுக்கான புல்லையும் தண்ணீரையும் அவை பங்கு போடுகின்றன. சீமைக்கருவேலமும் புல்வெளியைத் தின்றுகொண்டு வருகிறது. வனத்துறைக்கு இது தீராத தலைவலி.

சதுப்புக்குப் போனால் பூநாரைகளைத் தேடித்தான் எல்லோருடைய கண்ணும் ஓடும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் விட்டுச் சலித்துத் தின்னும் அந்தக் கூட்டத்தைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அவற்றின் காலடியில் ஓடும் கொசு உள்ளானை. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், எடை முப்பது கிராமை எட்டுவதே அரிது. அது பிறந்தது ஆர்க்டிக் கரையோரத்துச் சைபீரியச் சமவெளியில். பனி இறுகுமுன் கிளம்பி, மத்திய ஆசியாவைக் கடந்து, சேற்றில் நெளியும் புழுவையும் பூச்சியையும் நம்பி இங்கே வந்து சேர்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு விடுகிறார்கள். எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது, எத்தனை வருடம் வாழ்கிறது என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவருகிறது. கொசு உள்ளானுக்கு வேண்டியது காலடியில் கலங்காத கொஞ்சம் சேறு. நாம் வெற்றுச் சேறு என்று தாண்டிப் போகிற இடம் அதற்குச் சாப்பாட்டு இலை.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டித்தான் கரை கடந்தது. காட்டு மரங்கள் வேரோடு சாய்ந்தன, மான்களும் குதிரைகளும் செத்து ஒதுங்கின. சுற்றியிருந்த மக்களின் தென்னையும் வீடும் படகும் போயின. அந்தப் பகுதி எழுந்து நிற்கும் வேளையில் நாம் அங்கே போய் ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிடுவதும், ஒரு ஆட்டோ பிடிப்பதும்கூட அவர்களுக்கு உதவிதான். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு ரயிலும் 2023-இல் மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது. போகிற வழியில் இரண்டு பக்கமும் உப்பளங்கள். 1930-இல் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் உப்பு அள்ளிய மண் அது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பிச்சாவரத்துக்குப் பெரும்பாலானோர் போய்வந்திருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது மோட்டார் படகை விட்டுவிட்டுத் துடுப்புப் படகில் ஏறுங்கள். குறுகிய ஓடைகளுக்குள் அதுதான் போகும், சத்தமும் இல்லை. சுரபுன்னையின் தாங்கு வேர்களையும், வெண்கண்டலைச் சுற்றிச் சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சுவாச வேர்களையும் படகோட்டியிடம் காட்டச் சொல்லுங்கள். சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு நீண்டு தொங்குவதையும், நேராகச் சேற்றில் விழுந்து ஊன்றிக்கொள்வதையும் அவர் சொல்வார். சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லை இன்று ஊருக்குள் கிடையாது, இந்தச் சதுப்பில்தான் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் எரியும், கிளையை ஒடிக்கக் கை நீட்டாதீர்கள்.

இந்தக் காடு ஒருமுறை பாழானது. முறைவைத்து வெட்டியதில் மரம் போன இடம் வெயிலில் காய்ந்து, நடுப்பகுதி பள்ளமாக இறங்கிவிட்டது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, உப்பு ஏறி, எதுவும் முளைக்காத பொட்டலானது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சுற்றியுள்ள ஊர் மக்களும் சேர்ந்து மீன் முள் வடிவில் கால்வாய்கள் வெட்டினார்கள். ஏற்றவற்றத்தில் தண்ணீர் வந்து போகத் தொடங்கியதும் நட்ட கன்றுகள் பிடித்துக்கொண்டன. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. கடலூர் மாவட்டக் கரையில் மரங்கள் அடர்ந்த பகுதிக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆராய்ந்து, 'சயன்ஸ்' இதழில் 2005-இல் கட்டுரை வெளியிட்டார்கள். சிறிய கால்வாய்தான், ஆனால் சரியான இடத்தில் வெட்டிய கால்வாய்.

சென்னை வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஜனவரியிலிருந்து பங்குனிவரை உங்கள் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே மாணவர்கள் 1988 முதல் சீசனில் இரவெல்லாம் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துவருகிறார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், பொரிய சுமார் 45 நாள் ஆகும். குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் திசைக்கு ஓடும். முன்பெல்லாம் இரவில் வெளிச்சம் கடல்பக்கம்தான் இருந்தது, இன்று தெருவிளக்குப் பக்கம் இருக்கிறது. அந்த மாணவர்களோடு ஒரு இரவு நடந்து பாருங்கள். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் சென்னைக் கரையில் செத்து ஒதுங்கியபோது நகரமே பதறியது. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய உயிர், இழுவை மடியில் சிக்கினால் மூழ்கிச் சாகும். நம்மில் எத்தனை பேருக்கு அன்றைக்கு முன்பு இது தெரியும்?

அறிந்தவர்கள் அருகில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அரிட்டாபட்டி இருக்கிறது. மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம், ஏழு குன்றுகளும் சுனைகளும் சமணர் படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் உள்ள ஊர். லகுடு வல்லூறு உள்ளிட்ட இரைகொல்லிப் பறவைகளுக்கு அந்தப் பாறைகள்தான் வீடு. 2022 நவம்பரில் 193 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டில் அந்த வட்டாரத்தை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள், மதுரைவரை நடந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. எந்தக் குன்றில் எந்தச் சுனை, எந்தப் பாறையில் எந்தப் பறவை என்று அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கரணைக்கு அந்தக் கொடுப்பினை அமையவில்லை. தென்சென்னையின் வெள்ளத்தை உறிஞ்சும் சதுப்பைத் தரிசு என்று எழுதி வைத்தோம், குப்பை கொட்டினோம், கட்டடம் எழுப்பினோம். 2022-இல் அது ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது மிஞ்சியிருந்தது ஒரு பகுதிதான். அங்கே இன்றும் குளிர்காலத்தில் பூநாரை வந்து நிற்கிறது.

பக்கத்து இடத்துக்குப் போவதில் ஒரு வசதி உண்டு. மறுபடி மறுபடி போகலாம். தூரத்து மலையை ஆயுளில் ஓரிரு முறை பார்க்கிறோம், அது மாறினாலும் நமக்குத் தெரியாது. பக்கத்து ஏரியை மார்கழியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை, ஐப்பசி மழையில் ஒருமுறை பார்த்தவருக்கு அதன் முகம் பழகிவிடும். கரையோரம் ஒரு லாரி மண் கொட்டினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பலகையும் வேலியும் செய்யும் காவலைவிட அது பெரிய காவல் என்று நான் நம்புகிறேன்.

போகும்போது சிலவற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் உடை வேண்டாம், பச்சையும் காக்கியும் நல்லது. ஸ்பீக்கரில் பாட்டு வேண்டவே வேண்டாம். கூட்டின் பக்கம் ட்ரோன் விடுவது சட்டப்படியும் தவறு, தர்மப்படியும் தவறு. தின்பண்ட உறையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவர ஒரு துணிப்பை எடுத்துப் போங்கள். குரங்குக்கும் மானுக்கும் எதையும் ஊட்டாதீர்கள். வனக் காவலர்களிடமும் படகோட்டிகளிடமும் அண்ணே, அக்கா என்று நின்று பேசுங்கள். புத்தகத்தில் இல்லாத தகவல் அவர்களிடம் இருக்கிறது. காணும் பொங்கலன்று மட்டும் இந்த இடங்களுக்குப் போக வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். அன்றைய கூட்டத்தையும் குப்பையையும் எந்தச் சரணாலயமும் தாங்காது. அதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு சாதாரண வார நாளில் போங்கள்.

2015 முதல் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்திவருகிறார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்ட பறவைகளை எண்ணி 'இ-பேர்ட்' தளத்தில் பதிந்தால் போதும். காக்கையும் மைனாவும்கூடக் கணக்கில் சேரும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, பக்கத்து ஏரிக்கரையில் நிறுத்தி எண்ணச் சொல்லுங்கள். கண்டதை ஒரு தபால் அட்டையில் எழுதி எங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். ஏரியின் பெயரும் ஊரின் பெயரும் தெளிவாக இருக்கட்டும். வருகிற கடிதங்களை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்